செக்லிஸ்டின் பதினேழாவது வரி

"சார், ஒரு சந்தேகம். பதினேழாவது வரியை எடுத்துடலாமா?"

நான் ஓய்வு பெற்ற கம்பெனியில் இப்போது சிஸ்டம்ஸ் பிரிவைக் கவனிக்கும் திவ்யா, போன வாரம் போனில் கேட்ட கேள்வி இது. ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்கிற கம்பெனி. அங்கே எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பை ஏற்றுவதும், ஏற்றியது சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதும் இனி தானாகவே நடக்குமாம். எல்லாம் சரியென்றால் திரையில் பச்சையாக ஒரு டிக் வருமாம். பழைய செக்லிஸ்டை வரி வரியாக அதற்குள் கொண்டுபோனவர்கள் பதினேழாவது வரிக்கு வந்ததும் நின்றுவிட்டார்கள். அந்த வரி இது: "சர்வரை அணைத்து, மறுபடி ஆன் செய்யவும். பிறகு லைனிலிருந்து ஐந்து பேரை அழைத்து, பார்க்கச் சொல்லவும்."

"அணைச்சு ஆன் பண்றது புரியுது சார். அது ஏன் அஞ்சு பேர்? ஒருத்தர் போதாதா? டீம்ல ஆளுக்கொரு கதை சொல்றாங்க. ஒருத்தர் பஞ்சபூதம்ங்கறார்."

சிரித்துவிட்டேன். "ரெண்டு நாள் டைம் குடும்மா, எழுதியே அனுப்புறேன்" என்றேன். எழுதுவதற்கு எனக்கு ரெண்டு நாள் வேண்டியதில்லை. இதைச் சொல்வதற்கு இன்னொருவரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊத்தங்கரைக்காரன். ஐ.டி.ஐ. முடித்து, டிரில்லிங் மெஷின் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். இடுப்புப் பிடித்துக்கொண்டதால், வருகைப் பதிவு பார்க்கிற டைம் ஆபீசுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதைத் தொட எல்லோருக்கும் பயம், எனக்கு ஆசை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது சிவப்பில் என்ன திட்டினாலும் நோட்டில் எழுதிக்கொள்வேன், டிக்ஷனரி பார்ப்பேன், மறுநாள் மறுபடி திட்டு வாங்குவேன். இப்படியே ஏழெட்டு வருஷத்தில் சிஸ்டம்ஸ் பிரிவுக்குள் வந்து சேர்ந்தேன். அதே நோட்டின் பின்பக்கத்தில் ஜனங்கள் பேசியதை எழுதிவைக்கும் பழக்கமும் வந்தது. முன்பக்கம் மெஷின் பேசியது, பின்பக்கம் மனுஷர் பேசியது. பின்பக்கம்தான் சீக்கிரம் தீர்ந்தது.

என் மேலதிகாரி நாகரத்னா மேடம். ஆனேக்கல்காரர். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு மௌனம். ஒரு தடவைகூடக் குரல் உயர்த்திக் கேட்டதில்லை. "கண்ணாடியைக் கழட்டிட்டாங்களா?" என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவோம்.

வேலை முடிந்ததா என்று அவர் கேட்கவே மாட்டார். "யாரிகெ ஆயித்து?" என்பார். யாருக்கு ஆச்சு? முதல் தடவை எனக்கு விளங்கவில்லை. "பேஜ் ஓப்பன் ஆவுதுங்க மேடம்" என்றேன்.

"பேஜ் ஓப்பன் ஆச்சுன்னா கதவு தொறந்த மாதிரி. உள்ள வீடு இருக்கான்னு பாத்தியா?"

இதுவும் பின்பக்கத்தில் இருக்கிறது.

எங்கள் அப்ளிகேஷன் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. தினமும் காலை ஐந்தரைக்கு, யார் எந்த செக்‌ஷனில் வேலை என்று அதுவே ஒரு பட்டியல் போடும். கேட்டில் உள்ள பெரிய திரையில் அது ஓடும். லீவு கேட்பதும் பஸ் மாற்றிக் கேட்பதும் அதில்தான். எங்கள் அறையில் ஒரு சர்வர். எல்லா கம்ப்யூட்டரும் அதைப் பார்த்து நிற்கும். புதுப் பதிப்பு வந்தால் முதலில் டெஸ்ட் சர்வரில் போட்டுப் பார்த்து, பிறகு உண்மையான சர்வரில் ஏற்றி, ஏற்றிய பின் மறுபடியும் ஒருமுறை முழுக்கப் பார்க்க வேண்டும். அந்தக் கடைசிப் பார்வைதான் என் பொறுப்பு.

அதற்கான செக்லிஸ்டை மேடம் எழுதிய விதத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதில் எல்லாம் ஆட்கள். முதல் வரி, கேட் செக்யூரிட்டி மாதேஷ். அவர் கம்ப்யூட்டர்தான் வளாகத்திலேயே கிழம். அங்கே நடந்துபோய் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பட்டியலைத் திறக்க வேண்டும். மாதேஷ் காவேரிப்பட்டினத்துக்காரர். திரையில் வட்டம் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, "வர்றன் வர்றன்னுதுங்க, எங்க ஊரு டவுன் பஸ்ஸு மாதிரி" என்பார். இரண்டாவது வரி, பிளேட்டிங் சூப்பர்வைசர் வெங்கடேசப்பா. ஒற்றை விரலால் தட்டுவார், எதையும் இரண்டு தடவை அமுக்குவார், தப்பானால் தெலுங்கில் அதை விசாரிப்பார். ஆகவே இரண்டாவது வரி: "வெங்கடேசப்பா மாதிரி இரண்டு தடவை அமுக்கிப் பார்." இப்படிப் பதினாறு வரிகள்.

நான் சொல்ல வந்த வருஷத்தில் நான்காவது வரிக்கு மட்டும் பெயர் இல்லை. ஏதோ ஒரு ஆளின் டோக்கன் நம்பர் இருந்தது. 2417.

அந்த வருஷம் ஏற்றிய புதுப் பதிப்பே ஒரு காரணத்துக்காக வந்தது. பிளேட்டிங் செக்‌ஷனில் பாகங்களுக்கு முலாம் பூசும் குரோமியத் தொட்டிகள் உண்டு. விசிறியும் முகமூடியும் இருந்தாலும் ஆவி ஆவிதான். சிலரைக் கொஞ்ச நாள் அங்கே அனுப்ப வேண்டாம் என்று கம்பெனி டாக்டர் சொல்வார். முன்னெல்லாம் அது துண்டுச் சீட்டாக சூப்பர்வைசர் கைக்குப் போகும். அவர் சத்தமாகப் படிப்பார். டீ டைமுக்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிடும். பெண்களுக்குத்தான் இதில் பெரிய சங்கடம். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் முழுகாமல் இருந்தால் மூன்று மாதம் முடியாமல் வாய் திறக்க மாட்டார்கள்; அக்கம்பக்கம் இருக்கட்டும், சொந்தத்துக்கே சொல்ல மாட்டார்கள். அதனால் சீட்டு வாங்காமலே தொட்டிப் பக்கம் போய் நின்றவர்கள் உண்டு. மெடிக்கல் ரூம் நர்சம்மா ஒருநாள் மேடத்திடம் வந்து இதைச் சொல்லி, "உங்க கம்ப்யூட்டரு எதுக்குத்தான் இருக்குது?" என்று கேட்டுவிட்டார்.

புதுப் பதிப்பில் டாக்டர் நேராகப் பதிந்துவிடலாம். அந்த நம்பர் பிளேட்டிங் பட்டியலில் வராது. காரணம் யார் கண்ணுக்கும் தெரியாது.

"யாருங்க மேடம் இந்த 2417?" என்று கேட்டேன்.

"பேர் தெரியக்கூடாதுங்கறதுதான்பா டெஸ்டு. உனக்கே தெரிஞ்சா டெஸ்ட் ஃபெயில்."

ஏற்றுவதற்கு ஆயுத பூஜை நாளைத் தேர்ந்தெடுத்தோம். அன்றைக்கு மெஷின் எதுவும் ஓடாது, கூட்டம் இருக்காது. மறுநாள் விஜயதசமியன்று முதல் ஷிப்டிலிருந்து புதுப் பதிப்பு. டாக்டர் 2417-க்குப் பதிந்ததும் அந்த நாளிலிருந்துதான்.

காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தேன். பழைய பதிப்பை நிறுத்தினேன். அழிக்கவில்லை, ஏதாவது ஆனால் திரும்பிப் போக வேண்டுமே. புதியதைப் பக்கத்திலேயே ஒரு ஃபோல்டரில் போட்டு, கையால் ஓடவிட்டேன். கேட்டுக்கு நடந்தேன், ஸ்டோருக்கு நடந்தேன், வெங்கடேசப்பா மாதிரி இரண்டு தடவை அமுக்கினேன். மறுநாள் பட்டியலைப் போடச் சொல்லிப் பார்த்தேன். 2417 பிளேட்டிங்கில் இல்லை, பேக்கிங்கில் இருந்தது. பதினாறு வரிக்கும் டிக். பதினொரு மணிக்கு நானும் மேடமும் கையெழுத்துப் போட்டோம். அவர் வீட்டுப் பூஜைக்காக ஆனேக்கல் கிளம்பினார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கதை.

எங்கள் எலக்ட்ரீஷியன் பெருமாள்தான் வருஷா வருஷம் பூஜை பொறுப்பு. மெஷின் மெஷினாகத் துடைத்து, விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி. பூசணிக்காய் உடைப்பதற்கு முன் எங்கள் அறைக்கும் வந்து சர்வருக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போவார். அந்த வருஷம் பொட்டு வைத்தவர் நகரவில்லை. சர்வர் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார்.

"இன்னாண்ணா இது, ஓடிக்கினே கீது?"

"இது எப்பவும் ஓடும் பெருமாள்."

"அதெப்படி? பிரஸ்ஸு ஓயுது, லேத்து ஓயுது, கேன்டீன் கிரைண்டரு ஓயுது. இது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு? நீயும் மெஷின்ல நின்னவன்தானே? ஒரு நாளு அத்த உக்கார வையிண்ணா."

எனக்கு அந்தப் பேச்சு நெஞ்சில் பட்டுவிட்டது. டிரில்லிங் மெஷினைத் துடைத்துப் பொட்டு வைத்த கை இது. நாளைக்கு விடியும்வரை யாருக்கும் இந்த சர்வர் தேவையில்லை என்றும் தோன்றியது. முறைப்படி நிறுத்தி, ஸ்விட்சை அணைத்தேன். அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. பெருமாள் கும்பிட்டுவிட்டு ஒரு எலுமிச்சம்பழத்தை அதன் தலையில் வைத்தார். "இப்பதான் சாமிக்கு மரியாத" என்றார். நானும் கும்பிட்டேன்.

விஜயதசமி காலை ஐந்தே காலுக்கு பெருமாளே சர்வரை ஆன் செய்திருந்தார். நான் ஆறு மணிக்கு வந்தேன். பக்கம் திறந்தது. பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. திருப்தியாக, கேன்டீனில் சர்க்கரைப் பொங்கல் வாங்கலாம் என்று கேட் பக்கமாக நடந்தேன்.

பஸ்கள் வந்து, ஜனங்கள் திரையை அண்ணாந்து பார்த்துவிட்டு அவரவர் செக்‌ஷனுக்குப் பிரிந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் மட்டும் நகரவில்லை. செல்வி. சிங்காரப்பேட்டைப் பெண், எங்கள் தாலுகா என்பதால் பார்த்தால் நாலு வார்த்தை பேசுவோம். கல்யாணமாகி இரண்டு மூன்று வருஷம். புருஷன் வேறொரு கம்பெனியில் வேலை.

"என்னம்மா, ஸ்கிரீன்ல சினிமாவா ஓடுது?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்கண்ணா." துப்பட்டாவைத் திருகினாள். "எனக்கு பிளேட்டிங் போட்டிருக்குது."

"அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்லீங்கண்ணா. வர்றன்."

கழுத்தில் தொங்கிய கார்டு திரும்பியது. 2417.

அந்தக் கணத்தில் எனக்கு இரண்டும் ஒன்றாக விளங்கின. சர்வர் எழுந்தபோது எது எழுந்தது என்பது ஒன்று. பழைய பதிப்பு, மெஷின் ஆன் ஆனால் தானாக ஓட வேண்டும் என்று எப்போதோ நானே சொல்லிவைத்தது. புதியதை நான் கையால் ஓடவிட்டேன். அதற்கு எழுந்திரிக்கத் தெரியாது. பழசு எழுந்து, தன் வழக்கப்படி பட்டியல் போட்டுவிட்டது. டாக்டர் எழுதியதைப் படிக்கவே அதற்குத் தெரியாது. கதவு ஒரே மாதிரி இருந்ததால் நானும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

மற்றொன்று, அவள் முகம். என் மனைவிக்கு முதலில் ஒன்று தங்கவில்லை. அடுத்தது தங்கியபோது முதல் மூன்று மாதம் அவள் நடந்த நடை எனக்குத் தெரியும். தலையில் நிறைகுடம் இருப்பது போல நடப்பாள். செல்வி அப்படித்தான் நடந்து போனாள், பிளேட்டிங் பக்கம்.

"போகாதே" என்று கூப்பிட முடியாது. ஏன் என்று சுற்றி நிற்கிற நாற்பது பேரும் கேட்பார்கள். வெங்கடேசப்பாவிடம் போய், இவளை விடாதீர்கள் என்றால் அவர் கேட்கிற முதல் கேள்வியும் அதுதான். அவள் விஷயம் யாருக்கும் தெரியக்கூடாது என்றுதானே இத்தனையும் செய்தோம்? ஷிப்ட் மணி அடிக்க எட்டு நிமிஷம் இருந்தது.

இடுப்பை மறந்து ஓடினேன். புதுப் பதிப்பின் முதல் காலை என்றால் மேடம் முன்கூட்டியே வந்துவிடுவார்; நாற்காலியில் வெந்நீர் ஃபிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தார்.

"மேடம், பழசு எந்திரிச்சு உக்காந்திருக்குது. நேத்து நீங்க போனப்புறம் சர்வரை அணைச்சேன்."

கண்ணாடியைக் கழற்றினார். "யாரிகெ?"

"நாலாவது வரி. உள்ள போய்க்கிட்டிருக்குது."

மௌனத்துக்கு நேரமில்லை. எழுந்தார். "நீ சர்வரைப் பாரு. நான் ஆளைப் பாக்கறேன்."

அங்கே நடந்ததை வெங்கடேசப்பாவே பிறகு பலமுறை நடித்துக் காட்டியிருக்கிறார். மேடம் போனபோது பெண்கள் கிளவுஸ் ஸ்டாண்டின் முன்னால் நின்றிருந்தார்களாம். "சிஸ்டம்ஸ் டெஸ்டிங்குக்கு ஆள் வேணும்" என்று சொல்லி, ஸ்டாண்டில் நின்ற ஐந்து பேரையும் விரலால் எண்ணி, "ஒந்து, எரடு, மூறு, நால்கு, ஐது. வாங்க" என்றாராம். செல்வி மூன்றாவது.

"மேடம், அஞ்சு பேரைத் தூக்கிட்டா என் லைன் எப்டி ஓடும்?"

"ஒரு மணி நேரம் ஓடாது. ஓடணும்னா நீங்க வந்து கம்ப்யூட்டர்ல உக்காருங்க."

வெங்கடேசப்பா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாராம்.

ஐந்து பேரும் எங்கள் அறைக்குள் வந்தபோது நான் வியர்த்து வழிந்து, பழையதை நிறுத்தி, புதியதை ஓடவிட்டு, பட்டியலை மறுபடி போடச் சொல்லியிருந்தேன். எலுமிச்சம்பழம் இன்னும் சர்வர் தலையில் இருந்தது. வந்தவர்களில் பாக்கியம் என்று ஒரு மதுரைக்காரி. அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, ஏசி போட்டு எலுமிச்சம்பழத்தை வளக்குறீகளா?" என்றாள்.

"உக்காரும்மா. உங்க நம்பரைப் போட்டு உங்களுக்கு எந்த செக்‌ஷன்னு பாத்துச் சொல்லுங்க. ஒவ்வொருத்தரா."

"இதை அமுக்குனா கம்பெனி வெடிச்சிராதுல்ல?"

"வெடிச்சா உனக்கு லீவு."

"அப்ப ரெண்டு தடவை அமுக்குறேன்."

எனக்கு ஒரே ஒரு நம்பரைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் வரிசையாக, ஒரே மாதிரி முகத்தோடு, ஐந்தையும் கேட்க வேண்டும். முதலாவது பெண்ணுக்கு பிளேட்டிங். பாக்கியத்துக்கு பிளேட்டிங். மூன்றாவது செல்வி உட்கார்ந்தாள். நம்பரைத் தட்ட விரல் தயங்கியது. வட்டம் சுற்றியது. மாதேஷின் டவுன் பஸ்ஸைத் திட்டிக்கொண்டே நின்றேன்.

"எனக்கு..." என்றாள். மறுபடி படித்தாள். "எனக்கு பேக்கிங்னு வருதுங்கண்ணா."

"சரி. அடுத்தது" என்றேன். அந்த இரண்டு வார்த்தையை அவ்வளவு சாதாரணமாகச் சொல்வதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஐந்தும் முடிந்ததும் மேடம், "இப்ப அணைச்சு, மறுபடி ஆன் பண்ணு" என்றார். இந்த முறை புதியதைத் தானாக எழுந்திரிக்கச் சொல்லி, பழையதைத் தூங்கவும் சொல்லிவிட்டுத்தான் அணைத்தேன். ஐந்து பெண்களும் நாங்கள் இரண்டு பேரும் அந்த அமைதியில் காத்திருந்தோம். விசிறி சுற்ற ஆரம்பித்தது. ஐந்து பேரும் மறுபடி முதலிலிருந்து பார்த்தார்கள். செல்விக்கு மறுபடியும் பேக்கிங். பாக்கியம் சும்மா இருக்காமல் லீவு பட்டனை இரண்டு முறை அமுக்க, அவள் பெயரில் இரண்டு லீவு பதிவானது. பட்டியல் பக்கத்தில் மட்டும் நான் வெங்கடேசப்பாவாக இருந்து பார்த்திருக்கிறேன். லீவு பக்கத்தில் மறந்துவிட்டேன். "ரெண்டையும் குடுத்துருங்கண்ணே" என்றாள்.

அன்று மதியம் மேடம் முன்னால் போய் நின்றேன். கண்ணாடி மேஜை மேல் இருந்தது. முதல் நாள் கையெழுத்துப் போட்ட செக்லிஸ்டும் இருந்தது.

"தப்பு என்னுதுதாங்க மேடம். பெருமாள் சொன்னான்னு..."

"நீ அணைச்சே. ஆன் பண்ணா எழுமான்னு கேக்காம நான் கையெழுத்து போட்டேன். சாமி மேல பழி போடாதே, பெருமாள் மேலயும் போடாதே." பேனாவை எடுத்து, எங்கள் இருவர் கையெழுத்துக்கும் கீழே பதினேழாவது வரியை எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "அடுத்த வருஷமும் அணைக்கணும்பா. அதுவும் ஒரு நாள் உக்காரட்டும்" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

நான் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் லைனிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் எங்களுக்குத் தோன்றாத எதையாவது அமுக்கினார்கள். அவர்களில் யாராவது ஒருவருக்காக மற்ற நாலு பேர் வந்திருக்கிறார்களா என்பது மேடத்துக்கு மட்டும் தெரியும். நானும் கேட்டதில்லை.

ஆகவே திவ்யா, அணைத்து ஆன் செய்வதை உங்கள் புது ஏற்பாடு தானே பார்த்துக்கொள்ளும் என்றால் அந்தப் பாதியை எடுத்துவிடலாம். ஐந்து பேரைப் பற்றி நீங்களே யோசித்து முடிவு செய்யுங்கள். பச்சை டிக்கைப் பார்த்துவிட்டு, அது யாருக்கு ஆச்சு என்று ஒருமுறை கேட்டால் போதும்.

அனுமதி கேட்க வேண்டும் என்றேனே, அது செல்வியிடம். அன்றைக்கு அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். இத்தனை வருஷமும் அப்படியே விட்டுவிட்டேன். இப்போது அவள் பேக்கிங்கில் லைன் லீடர். நேற்று சாயங்காலம் போன் செய்து, சுற்றி வளைத்து, ஆயுத பூஜை, சர்வர், ஐந்து பேர் என்று இழுத்தேன். பின்னால் ஒரு பெண் குழந்தை வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்கண்ணா?" என்றாள். "எனக்கு மட்டுமில்ல, அந்த நாலு பேருக்குமே தெரியும். கிளவுஸ் ஸ்டாண்டுகிட்ட நான் நின்ன நெலையப் பாத்தே பாக்கியத்துக்குத் தெரிஞ்சுபோச்சாம். அதுக்குத்தான் உங்க ரூமுல அந்தக் கூத்து அடிச்சா, யாரும் என்னைப் பாக்கக் கூடாதுன்னு. நாலு பேருல ஒருத்தியும் வெளிய மூச்சு விடல. அதுக்கு முன்ன ரெண்டு தடவ எனக்கு நிக்கலீங்கண்ணா."

வாய்ப்பாடு ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கி நின்றது; செல்வி போனைத் தள்ளிப் பிடித்து அதட்டிவிட்டு வந்தாள்.

"இதை எழுதலாமாம்மா? பேரை மாத்திடறேன்" என்றேன்.

"பேர எதுக்கு மாத்துறீங்க? எழுதுங்கண்ணா" என்றாள். "மூணு மாசம் எப்பவோ முடிஞ்சுபோச்சு."